பகலில் 6/9, இரவில் ரோடே தெரியவில்லை: கண்கூச்சத்தை அளக்க முடியுமா?

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை போட்டிருக்கும் என் சித்தப்பாவுக்கு 58 வயது. நெற்றியில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு இருட்டோடு இருட்டாகப் பூப்பறித்து, ஈரத்துணியில் மூட்டை கட்டி, விடிவதற்குள் மொபெட்டில் கொண்டுபோய் மார்க்கெட்டில் இறக்கிவிடுவார். முப்பது வருடப் பழக்கம். எந்த இடத்தில் பள்ளம், எந்த வளைவில் நாய் படுத்திருக்கும் என்பதுகூட அவருக்கு மனப்பாடம். அப்படிப்பட்டவர் ஒருநாள் வண்டிச் சாவியை மகன் கையில் கொடுத்து, "இனிமே பூவ நீயே கொண்டு போடா" என்று சொல்லிவிட்டார்.

காரணத்தை முதலில் சொல்லவில்லை. பிறகுதான் வாயைத் திறந்தார். "எதுத்தாப்ல லாரி வந்தா ரோடே காணாமப் போயிருதுப்பா. லைட்டு மட்டுந்தான் தெரியுது. போன மாசம் ஓரமா நடந்துபோன பொம்பளப்புள்ள மேல ஏத்தத் தெரிஞ்சேன். அது சத்தம் போட்டுச்சு, தப்பிச்சுது."

கண்ணைக் காட்டினார். சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையை ஒவ்வொரு கண்ணாக மூடி வாசித்தார். இரண்டு கண்ணும் 6/9. "இந்த வயசுக்கு இது நல்ல பார்வைதான்" என்று சொல்லி, படிக்கிற கண்ணாடிக்கு மட்டும் எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்தவருக்கு ஒரே குழப்பம். "நல்லா இருக்குன்னா, எனக்கு ஏன்டா தெரிய மாட்டேங்குது?"

சித்தப்பா சொன்னதும் பொய் இல்லை, அந்த 6/9-ம் பொய் இல்லை. இரண்டும் வேறு வேறு விஷயங்கள். ஒன்றை அளந்துவிட்டு இன்னொன்றுக்குச் சான்று கொடுத்ததுதான் சிக்கல்.

பலகை எதை அளக்கிறது?

நாம் எல்லோரும் ஒருமுறையாவது வாசித்திருக்கும் அந்தப் பலகையை 1862-ல் உருவாக்கியவர் நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகரைச் சேர்ந்த கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன். மேலே பெரிய எழுத்து, கீழே போகப்போகச் சின்ன எழுத்து. 6/9 என்றால், சாதாரணப் பார்வை உள்ளவர் 9 மீட்டரில் நின்று வாசிக்கும் எழுத்தை நீங்கள் 6 மீட்டருக்கு வந்தால்தான் வாசிக்கிறீர்கள் என்று பொருள்.

அருமையான சோதனை. 160 வருடங்களுக்கு மேல் தாக்குப்பிடித்திருக்கிறது. ஆனால் அங்கே இருப்பது வெள்ளை மேல் கன்னங்கரேலென்ற எழுத்து. அறை அரையிருட்டு. கண்ணில் எந்த விளக்கும் அடிப்பதில்லை. எவ்வளவு சின்னதை உங்களால் பிரித்தறிய முடிகிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும். கறுப்புச் சேலை கட்டிய ஒருவர் கறுத்த தார்ச்சாலை ஓரத்தில் நடக்கிறார், எதிரே ஒரு லாரி ஹை பீமில் வருகிறது, இப்போது அவர் உங்களுக்குத் தெரிவாரா என்ற கேள்வியை அந்தப் பலகை கேட்பதே இல்லை.

கண்ணுக்குள் விழும் வெள்ளைத் திரை

சாயங்காலம் திண்டுக்கல்லில் இருந்து பழனி பக்கம் வண்டி ஓட்டியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். மேற்கே போகும் சாலை. சூரியன் நேர் எதிரே. மத்தியானம் வரை சுத்தமாகத் தெரிந்த முன்கண்ணாடி, சாயங்கால வெயில் பட்டதும் மொத்தமும் வெள்ளையடித்தது போல் ஆகிவிடும். தூசி மத்தியானமும் அங்கேதான் இருந்தது. நேரெதிரில் இருந்து ஒளி வந்தபோதுதான் ஒவ்வொரு தூசியும் அதைச் சிதறடித்து, கண்ணாடி முழுக்கப் பரப்பியது.

கண்ணுக்குள்ளும் நடப்பது இதுதான். ஒளி கருவிழிப் படலம், லென்ஸ் ஆகியவற்றைத் தாண்டி நேராக விழித்திரையில் ஒரே இடத்தில் விழ வேண்டும். ஆனால் எந்தக் கண்ணும் முழுச் சுத்தமான கண்ணாடி இல்லை. இளவயதிலேயே கொஞ்சம் ஒளி சிதறத்தான் செய்யும். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கருவிழிப் படலத்தால் வருவது. இன்னொரு பெரும் பங்கு லென்ஸால். மிச்சம் கண்ணின் சுவர் வழியே கசிவதும், விழித்திரையில் பட்டுத் தெறிப்பதும். நீலக்கண் வெள்ளைக்காரர்களைவிட, கருமைபடர்ந்த நம் கண்களில் இந்தக் கசிவு குறைவு என்பது ஒரு சின்ன ஆறுதல்.

வயதாக ஆக, லென்ஸில் உள்ள புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகட்டியாகத் திரளும். சிதறல் ஏறும். நல்ல ஆரோக்கியமான கண்ணிலேயே, இளவயதோடு ஒப்பிட்டால் 65 வயதில் சிதறல் இரண்டு மடங்கு. 77 வயதில் ஏறத்தாழ மூன்று மடங்கு. இது கண்புரை என்று சொல்லும் நிலைக்கு வராதவர்களின் கணக்கு. கண்புரை வந்துவிட்டால் இன்னும் பல மடங்கு ஏறலாம்.

சிதறிய ஒளி விழித்திரை முழுக்க மெல்லிய வெள்ளைத் திரை மாதிரி விழும். அது எப்படி ஓர் ஆளையே மறைக்கும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஹெட்லைட் வெளிச்சத்தில் சாலையின் பளிச்சளவு 1 என்று வையுங்கள் (சதுர மீட்டருக்கு 1 கேண்டெலா என்பது இரவுச் சாலைக்குத் தோராயமாகச் சரியான அளவு). இருண்ட உடை போட்டவரின் பளிச்சளவு அரை. சாலையை விட அவர் பாதி மங்கல், அதனால்தான் தெரிகிறார். இப்போது எதிர் வண்டி வருகிறது. அதன் வெளிச்சம் உங்கள் கண்ணில் 1 லக்ஸ் அளவுக்கு விழுகிறது. நீங்கள் பார்க்கும் இடத்துக்கும் அந்த விளக்குக்கும் இடையே 2 டிகிரி கோணம். கண்ணுக்குள் விழும் திரையின் அளவு 2.5. இந்த 2.5 சாலையோடும் சேரும், ஆளோடும் சேரும். சாலை 3.5, ஆள் 3. பாதியாக இருந்த வித்தியாசம் ஏழில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. 65 வயதுக்காரருக்கு அதே திரை 5. சாலை 6, ஆள் 5.5. வித்தியாசம் பன்னிரண்டில் ஒன்று. ஹை பீமைத் தணிக்காமல் வருகிற வண்டி 1 லக்ஸுக்கு மேலேயே அனுப்பும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"ரோடே காணாமப் போயிருது" என்று சித்தப்பா சொன்னது இந்தக் கணக்கைத்தான்.

இது புதுக் கணக்கு இல்லை. அமெரிக்காவில் ஹாலடே 1926-லும், இங்கிலாந்தில் ஸ்டைல்ஸ் 1929-லும் ஆட்களை உட்கார வைத்து, பக்கத்தில் விளக்கைக் காட்டிச் சோதித்துக் கண்டுபிடித்தது. கண்ணில் விழும் ஒளியைப் பத்தால் பெருக்கி, கோணத்தின் வர்க்கத்தால் வகுத்தால் திரையின் அளவு கிடைத்துவிடும். தெருவிளக்குப் பொறியாளர்கள் இன்றைக்கும் இதன் வழியில்தான் கணக்குப் போடுகிறார்கள்.

இதற்குள் ஒரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. எதிர் வண்டியின் தூரம் பாதியானால் கண்ணில் விழும் ஒளி நான்கு மடங்காகும். ஆனால் கோணமும் இரண்டு மடங்காகும். அதன் வர்க்கம் நான்கு. மேலே நான்கு, கீழே நான்கு, அடிபட்டுப் போய்விடும். அதாவது லாரி தொலைவில் புள்ளியாகத் தெரிய ஆரம்பித்ததில் இருந்து கிட்டத்தில் கடக்கும் வரை திரை தோராயமாக ஒரே அளவில் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு லாரி கடந்து முடிவதற்குள் அடுத்தது வந்துவிட்டால், ஓட்டுபவர் திரைக்குள்ளேயே பல கிலோமீட்டர் போகிறார் என்று அர்த்தம். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் லோடு ஏற்றிக்கொண்டு கேரளா பக்கம் லாரிகள் கிளம்பும் நேரத்தில் அந்தச் சாலையில் எதிரே போனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இன்னொரு விஷயத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டும். கண் கூசுகிறது என்று நாம் சொல்வதில் இரண்டு உண்டு. ஒன்று எரிச்சல்: வெளிச்சம் தாங்கவில்லை, கண்ணைச் சுருக்குகிறோம், ஆனால் பார்க்க வேண்டியது தெரிகிறது. இன்னொன்று, எரிச்சலே இல்லாவிட்டாலும் எதிரில் உள்ளது தெரியாமல் போவது. இரண்டும் சேர்ந்தே வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. "எனக்கு லைட்டெல்லாம் ஒண்ணும் பண்ணாதுங்க" என்று சொல்லும் டிரைவருக்குப் பாதிச் சாலை தெரியாமல் இருக்கலாம். ஆபத்தானது இரண்டாவது வகை. அதனால்தான் அதை ஆளிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட, அளந்து பார்ப்பது நல்லது.

டார்ச்சில் இருந்து பொத்தான் வரை

ரொம்ப எளிமையான சோதனைக்குத் தேவை ஒரு பேனா டார்ச். எழுத்துப் பலகையை வாசிக்கச் சொல்லிவிட்டு, பக்கவாட்டில் இருந்து கண்ணை நோக்கி டார்ச்சை அடிக்க வேண்டும். ஒரு வரி குறைந்தால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். மூன்று, நான்கு வரி குறைந்தால் கண்ணுக்குள் ஏதோ ஒளியைச் சிதறடிக்கிறது. டார்ச்சுக்கு டார்ச் வெளிச்சம் மாறும் என்பதால் இந்த முடிவை ஒரு எண்ணாக எழுதிவைத்து ஒப்பிட முடியாது. ஆனாலும் ஒரு சின்ன ஊர்க் கண் முகாமில்கூட இதைச் செய்யலாம். செலவு ஒன்றும் இல்லை.

அதையே முறைப்படுத்திய கருவி ஒன்று உண்டு. பாதித் தேங்காய்ச் சிரட்டையைக் கண்மேல் கவிழ்த்தது போன்ற வெள்ளைக் கிண்ணம். உள்ளே விளக்கு எரியும். நடுவில் உள்ள ஓட்டை வழியே பலகையை வாசிக்க வேண்டும். வெளிச்சத்துக்கு மூன்று அளவுகள்: உச்சி வெயில், மேகம் கலந்த பகல், கடைக்குள் எரியும் பளிச் விளக்கு. விளக்கு இல்லாமல் 6/9 வாசித்தவர் உச்சி வெயில் அளவில் 6/36-க்கு இறங்குவதெல்லாம் உண்டு.

1988-ல் பெல்லி, ராப்சன் என்ற இருவர் உருவாக்கிய பலகை வேறு மாதிரி. அதில் எல்லா எழுத்தும் ஒரே அளவு, பெரிய எழுத்துதான். ஆனால் மூன்று மூன்று எழுத்தாக மங்கிக்கொண்டே போகும். கடைசியில் வெள்ளைத் தாளோடு கரைந்துவிடும். எதுவரை கண்டுபிடிக்கிறீர்கள் என்பதுதான் மதிப்பெண். கறுப்புச் சேலை, கறுப்புச் சாலைக் கேள்விக்கு இந்தப் பலகை கிட்டத்தில் வருகிறது. பக்கத்தில் ஒரு விளக்கை எரியவிட்டு மறுபடி வாசிக்கச் சொன்னால் இன்னும் கிட்டத்தில் வரும்.

இவை எல்லாமே சிதறலின் விளைவை அளப்பவை. சிதறலையே நேராக அளக்கும் வழியைக் கண்டுபிடித்தவர்கள் ஆம்ஸ்டர்டாமில் வான் டென் பெர்க் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும். சி-குவான்ட் என்ற பெயரில் ஒரு ஜெர்மன் நிறுவனம் அதைக் கருவியாகச் செய்தது. யோசனை எளிமையானது, ஆனால் கெட்டிக்காரத்தனமானது. ஒரு குழாய்க்குள் பார்க்கிறீர்கள். வெளியே ஒரு வளையம் பளிச் பளிச்சென்று மின்னுகிறது. நடுவில் இருட்டு வட்டம். அந்த இருட்டில் உண்மையில் ஒளி கிடையாது. ஆனால் உங்கள் கண் வளையத்தின் ஒளியைச் சிதறடித்து நடுவிலும் கொட்டுவதால், அங்கேயும் மின்னுவது போலத் தெரியும். இப்போது அந்த வட்டத்தை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதியில் மட்டும், வளையம் அணையும் நேரம் பார்த்து எதிர்மின்னலாகக் கொஞ்சம் ஒளியைப் போடுகிறார்கள். எந்தப் பாதி அதிகம் மின்னுகிறது, இடதா வலதா? அந்தப் பக்கத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான். எதிரொளியின் அளவை மாற்றி மாற்றி இருபது முப்பது முறை கேட்பார்கள். எந்த அளவில் எதிரொளி உங்கள் சிதறலைச் சரியாக ஈடுகட்டுகிறதோ, அதுவே உங்கள் கண்ணின் சிதறல். தராசில் படிக்கல் வைப்பது மாதிரி. ஒரு கண்ணுக்கு ஓரிரு நிமிடம் போதும். எழுத்து தெரிய வேண்டியதில்லை. குருட்டாம்போக்கில் பொத்தானை அழுத்தினால் கருவியே கண்டுபிடித்துவிடும்.

"டாக்டர்தான் மைக்ராஸ்கோப்ல கண்ணைப் பாக்குறாரே, அதுல தெரியாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தக் கருவியில் டாக்டர் பார்ப்பது உங்கள் லென்ஸில் பட்டு அவர் பக்கமாகத் திரும்பி வரும் ஒளியை. உங்களைத் தொந்தரவு செய்வதோ முன்பக்கமாக, விழித்திரை நோக்கிச் சிதறும் ஒளி. இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்புள்ளவைதான். ஆனால் ஒன்றை வைத்து இன்னொன்றைத் துல்லியமாகச் சொல்லிவிட முடியாது. மேலோட்டமாக "லேசான புரைதான்" என்று தெரிவது, உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு லேசாக இல்லாமல் போகலாம்.

விளக்கு போன பிறகும் வெகுநேரம் கண் தெளியவில்லை என்றால் அது வேறு கதை. பத்து விநாடி கண்ணில் வெளிச்சம் காட்டி, பழையபடி எழுத்தை வாசிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் பார்க்கும் சோதனை உண்டு. ஆரோக்கியமான கண் ஒரு நிமிடத்துக்குள் மீண்டுவிடும். அதைத் தாண்டி இழுத்தால் சந்தேகம் லென்ஸ் மேல் இல்லை, விழித்திரை மேல். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதை அலட்சியப்படுத்தக் கூடாது.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். ராத்திரி தெருவிளக்கைப் பாருங்கள். பல்பை மட்டும் கட்டைவிரலால் மறையுங்கள். சுற்றியுள்ளது சட்டென்று தெளிவாகத் தெரிந்தால், அதுவரை மறைத்துக்கொண்டிருந்தது உங்கள் கண்ணுக்குள்ளேயோ போட்டிருக்கும் கண்ணாடியிலோ சிதறிய ஒளி. கொஞ்சம் வித்தியாசம் எல்லோருக்கும் தெரியும். ஆள் தெரியாத அளவுக்கு வித்தியாசம் என்றால்தான் காட்ட வேண்டும். நிறுத்தி வைத்த காருக்குள் உட்கார்ந்து இதையே செய்யும்போது, விரலால் மறைத்த பிறகும் வெண்மை போகவில்லையா? அப்படியானால் குற்றவாளி முன்கண்ணாடி. துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

அரளிச் செடியும் பாதயாத்திரையும்

திண்டுக்கல் வழியே மதுரைக்கும் கரூருக்கும் போகும் நான்கு வழிச்சாலையில், நடுத்திட்டில் வரிசையாக அரளி பூத்து நிற்கும். அழகுக்கு வைத்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எதிர்ப்பக்க ஹெட்லைட்டை மறைப்பதும் அதன் வேலை. ஆடு மாடு கடிக்காது, வெயிலைத் தாங்கும், ஆள் உயரத்துக்கு அடர்ந்து வளரும், அதனால் அரளி. இடையில் பத்துச் செடி பட்டுப்போன இடத்தைக் கடக்கும்போது அதன் அருமை புரியும். ஆனால் வத்தலகுண்டு வழியாகத் தேனி, குமுளி போகும் சாலை மாதிரியான இரு வழிச்சாலைகளில் நடுத்திட்டும் கிடையாது, அரளியும் கிடையாது. எதிர் வண்டி கைக்கெட்டும் தூரத்தில்தான் கடக்கும்.

தைப்பூசம், பங்குனி உத்திரம் வந்தால் இந்தச் சாலைகளின் கதையே வேறு. காரைக்குடி, சிவகங்கைப் பக்கம் இருந்து நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கு நடப்பவர்கள், வெயிலுக்குப் பயந்து ராத்திரியும் விடிகாலையும்தான் அதிகம் நடக்கிறார்கள். பச்சை வேட்டி, காவி வேட்டி. இருட்டில் பச்சை கறுப்பாகத்தான் தெரியும்.

போலீசாரும் தன்னார்வலர்களும் அவர்கள் பையிலும் முதுகிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மேலே போட்ட கணக்கை வைத்துப் பார்த்தால் அது ஏன் வேலை செய்கிறது என்பது புரியும். சாதாரணத் துணி தன்மேல் பட்ட ஒளியை எல்லாத் திசைக்கும் வீணடிக்கும். இந்த ஸ்டிக்கரில் உள்ள நுண்ணிய கண்ணாடி மணிகளோ பட்டகங்களோ ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும். ஓட்டுநரின் ஹெட்லைட்டில் இருந்து போனது ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பி வரும். அரையாக இருந்த ஆளின் பளிச்சளவு பல மடங்கு ஏறிவிடும். திரை 5 என்றாலும் அதைக் கிழித்துக்கொண்டு தெரியும். ஓட்டுபவரின் கண்ணைச் சரிசெய்ய முடியாத இடத்தில், நடப்பவரின் முதுகில் ஒட்டும் சின்ன ஸ்டிக்கர் அந்த வேலையைச் செய்கிறது. ஒன்று மட்டும்: ஸ்டிக்கர் வண்டி வரும் பக்கத்தைப் பார்த்து இருக்க வேண்டும். பை ஆடித் திரும்பிக்கொண்டால் பயனில்லை.

ஹெட்லைட் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டும் பழக்கம் நம் ஊரில் ரொம்ப நாளாக உண்டு. பழைய வகை விளக்குகளில் ஓரளவு உதவியிருக்கலாம். ஆனால் இப்போது பல பேர் கம்பெனி விளக்கைக் கழற்றிவிட்டுக் கடையில் எல்.இ.டி. மாட்டுகிறார்கள். ஹாலோஜன் பல்புக்காக வடிவமைத்த கிண்ணத்தில் எல்.இ.டி.யைச் சொருகினால், கீழே விழ வேண்டிய வெளிச்சம் எதிரே வருபவர் முகத்துக்குப் போகும். ஒரு கறுப்பு ஸ்டிக்கர் அதைச் சரிசெய்துவிடாது.

இரவில் ஓட்ட என்று சொல்லி மஞ்சள் கண்ணாடி விற்கிறார்களே, அது? 2019-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் உள்ள கண் ஆய்வு நிலையம் ஒன்றில், வண்டி ஓட்டும் மாதிரிக் கருவியில் ஆட்களை உட்கார வைத்துச் சோதித்தார்கள். எதிர்விளக்கு அடிக்கும்போது சாலையில் நடப்பவரைக் கண்டுபிடிப்பதில் மஞ்சள் கண்ணாடி எந்த வகையிலும் உதவவில்லை. யோசித்தால் ஆச்சரியம் இல்லை. கண்ணாடி வெளிச்சத்தைக் குறைக்கும்போது, ஏற்கெனவே மங்கலாக இருக்கும் ஆளையும் சேர்த்தே குறைக்கிறது. அந்தக் காசுக்குக் கீறல் விழுந்த ஹெல்மெட் வைசரை மாற்றலாம். கீறல் விழுந்த வைசர் என்பது முகத்துக்கு முன்னால் மாட்டிய இன்னொரு கண்புரை.

படிவம் கேட்காத கேள்வி

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ல் படிவம் 1 என்று ஒன்று இருக்கிறது. ஓட்டுநர் உரிமம் கேட்பவர் தன் உடல் தகுதி பற்றித் தானே எழுதிக்கொடுக்கும் உறுதிமொழி. நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டரில் இருக்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடியுமா என்று அதில் ஒரு கேள்வி. மாலைக்கண் நோய் உண்டா என்று இன்னொன்று. 40 வயதைத் தாண்டியவர்களும், லாரி, பஸ் ஓட்டுபவர்களும் படிவம் 1ஏ-யில் டாக்டரிடம் சான்று வாங்க வேண்டும்.

சித்தப்பா அந்தப் படிவத்தை நிரப்பியிருந்தால் நேர்மையாகவே இரண்டையும் கடந்திருப்பார். பகலில் நம்பர் பிளேட் தெரியும். மாலைக்கண்ணும் இல்லை. மாலைக்கண் என்பது இருட்டில் விழித்திரை சரியாக வேலை செய்யாத நோய். சித்தப்பாவுக்கு எதிர் வண்டி இல்லாத இருட்டுச் சாலை நன்றாகவே தெரிகிறது. வெளிச்சம் வந்தால்தான் தெரியவில்லை. படிவத்தில் இதற்குக் கட்டமே கிடையாது.

நம் நாட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பாவில் ஐந்து மையங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டுநர்களை சி-குவான்ட் கருவியில் சோதித்த ஆய்வு ஒன்று 2007-ல் வெளிவந்தது. எழுத்துப் பலகையில் தேறிய வயதானவர்கள் பலருக்கு ஒளிச்சிதறல் மிக அதிகமாக இருந்தது. பலகை மதிப்பெண்ணை வைத்துச் சிதறலை ஊகிக்கவே முடியவில்லை. இளவயதுக் கண்ணின் சிதறலைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு என்பதை ஓட்டுநர்களுக்கான எல்லையாக வைக்கலாம் என்று யோசனை சொல்லியிருக்கிறார்கள்.

சிதறலைக் குறைத்தால் விபத்து குறையுமா? அமெரிக்காவின் அலபாமாவில் சின்தியா ஓஸ்லி குழு, கண்புரை இருந்த 277 வயதான ஓட்டுநர்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து 2002-ல் முடிவை வெளியிட்டது. அறுவை செய்துகொண்டவர்களின் விபத்து விகிதம், செய்துகொள்ளாதவர்களில் பாதிதான். யாருக்கு அறுவை என்பதை நோயாளிகளே தேர்ந்தெடுத்தார்கள் என்பதால் இதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் பாதி என்பது சின்ன எண் இல்லை.

என் கருத்து, எல்லா ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் விலை உயர்ந்த கருவியை வாங்கி வைக்க வேண்டும் என்பது இல்லை. 40 வயதுக்கு மேல் சான்று கொடுக்கும் டாக்டர் ஒரு டார்ச்சை எடுத்து, பலகையை இன்னொரு முறை வாசிக்கச் சொல்லலாம். இரண்டு நிமிட வேலை.

லென்ஸுக்குப் பின்பக்கம்

சித்தப்பாவை இன்னொரு இடத்தில் காட்டினோம். இந்த முறை "எதிர் லைட்டு அடிச்சா தெரியல" என்பதை முதலிலேயே சொல்லச் சொன்னேன். டார்ச்சை வைத்து வாசிக்கச் சொன்னார்கள். 6/9 வாசித்தவர் 6/36-ல் நின்றுவிட்டார். சொட்டு மருந்து விட்டுப் பார்த்ததில், லென்ஸின் பின் உறைக்கு முன்னால், நட்டநடுவில், ஒரு சின்னப் படலம்.

இந்த வகைக் கண்புரை பொல்லாதது. மொத்த லென்ஸும் பழுப்பதில்லை. நடுவில் மட்டும் ஒரு பொட்டு. அரையிருட்டு அறையில் கண்பாப்பா விரிந்திருக்கும்போது பொட்டைச் சுற்றி ஒளி உள்ளே போய்விடும், எழுத்து தெரியும். வெளிச்சம் பட்டுப் பாப்பா சுருங்கினால் வழியில் அந்தப் பொட்டு மட்டும்தான் நிற்கும். சர்க்கரை நோயாளிகளுக்கும், ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் எடுப்பவர்களுக்கும் இது இளவயதிலேயே வரலாம். "வேற ஏதாச்சும் மாத்திரை சாப்புடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டபோதுதான் விஷயம் வெளிவந்தது. வீசிங்குக்காகப் பல வருடமாக மெடிக்கலில் தானே கேட்டு வாங்கிச் சாப்பிட்ட மாத்திரை. சீட்டு கிடையாது. வெள்ளைச் சின்ன மாத்திரை. என்னவென்று அவருக்கே தெரியாது. (மூச்சுத்திணறலுக்காக ஸ்டீராய்டு எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு டாக்டரைக் கேட்காமல் நிறுத்திவிடக் கூடாது, திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.)

தென் தமிழ்நாட்டில் கண்புரை அறுவைக்கு அலைய வேண்டியதில்லை என்பது நம் அதிர்ஷ்டம். டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு இன்று திண்டுக்கல்லிலும் கிளை இருக்கிறது. அதன் ஆரோலேப் 1992 முதல் செயற்கை லென்ஸை இங்கேயே செய்து விலையைச் சாமானியருக்கு எட்டும்படி இறக்கியது. அப்படியிருந்தும், 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், 50 வயதுக்கு மேற்பட்டவர்களின் பார்வையின்மையில் 66.2 சதவீதத்துக்குக் காரணம் கண்புரைதான். முழுதாக முற்றியவர்களைத் தேடிப்பிடிக்கவே நேரம் சரியாக இருக்கும் இடத்தில், 6/9 வாசிக்கும் ஒருவர் வரிசையில் பின்னால் தள்ளப்படுவது புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆனால் விடிகாலையில் வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு அந்த 6/9 போதாது. அதை நாமே வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்: "பகல்ல தெரியுது, எதிர் லைட்டு அடிச்சா தெரியல, நான் ராத்திரில வண்டி ஓட்டுறவன்."

லென்ஸ் தேர்ந்தெடுக்கும்போதும் இதைச் சொல்வது முக்கியம். தூரம், கிட்டம் இரண்டும் தெரியும் என்று விற்கப்படும் மல்டிஃபோகல் லென்ஸ் விலை அதிகம். அது ஒளியைப் பல குவியங்களுக்குப் பங்குபோடுவதால், இரவில் விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிவதாகப் பலர் சொல்கிறார்கள். நாளடைவில் பழகிவிடும் என்றாலும், இரவில் ஓட்டுபவருக்குச் சாதாரண ஒற்றைக் குவிய லென்ஸும் ஒரு படிக்கிற கண்ணாடியுமே பெரும்பாலும் மேல். விலை கூடினால் பார்வையும் கூடும் என்பது இங்கே செல்லாது. அறுவை முடிந்து சில மாதங்களோ வருடங்களோ கழித்துக் கூச்சம் மறுபடி வந்தால் "புரை திரும்ப வந்துருச்சு" என்று பயப்பட வேண்டாம். லென்ஸைத் தாங்கும் உறை மங்கியிருக்கும். யாக் லேசரில் சில நிமிடங்களில் அதில் வழி திறந்துவிடுவார்கள்.

சித்தப்பாவுக்கு முதலில் வலது கண், ஆறு வாரம் கழித்து இடது கண். சாதாரண லென்ஸ்தான். வீசிங்குக்கு இப்போது டாக்டர் சொன்னபடி இன்ஹேலர். பூ மூட்டையோடு மறுபடி கிளம்ப ஆரம்பித்த முதல் வாரம் மகனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டுதான் போனார். எதிரே லாரி வந்தது, கடந்தது. கொஞ்ச தூரம் போய் வண்டியை ஓரம் கட்டினாராம். என்னப்பா என்று பதறி இறங்கிய மகனிடம், "அந்தப் புளியமரத்தடியில ஒரு ஆளு நின்னான், பாத்தியா?" என்று கேட்டிருக்கிறார்.

மகன் பார்க்கவில்லையாம்.